தோசைக்கல்லு ஒட்டுதா? இரும்புக்கல்லைப் பழக்கறதும் பாத்துக்கறதும்

நான்ஸ்டிக் தவா கோட்டிங் உரிய ஆரம்பிச்சதும் பல வீட்ல அடுத்து நடக்கறது இரும்புத் தோசைக்கல்லு வாங்கறது. வாங்கி ரெண்டு நாள் சுட்டுப் பாத்து, தோசை பிஞ்சு பிஞ்சு வந்து, வீட்ல ஆளுக்கு ஒரு கமெண்ட் அடிச்சு, கடைசில கல்லு பரண்ல ஏறிடும், திரும்பவும் ஒரு புது நான்ஸ்டிக் வரும். கேட்டா "எங்களுக்கு இரும்பு செட் ஆகல"ன்னு சொல்லுவாங்க. இரும்பு எல்லாருக்கும் செட் ஆகும்ங்க. ரெண்டே விஷயம்தான் இதுல: ஒண்ணு, எண்ணெயை மெல்லிசா, ரொம்ப ரொம்ப மெல்லிசா பூசிக் காய வைக்கிறது. இன்னொண்ணு, மாவு ஊத்தறப்ப கல்லு எவ்ளோ சூட்ல இருக்குன்னு கவனிக்கிறது. ஒட்டுதுன்னு புலம்பறவங்கள்ல நிறைய பேருக்கு முதல் விஷயம் ஓரளவு சரியாத்தான் இருக்கும், ரெண்டாவதுலதான் கோட்டை விடறாங்க.

முதல்ல வாங்கறதப் பத்தி. "இரும்புக்கல்லு"ன்னு கேட்டா கடையில ரெண்டு வகை எடுத்துக் காட்டுவாங்க. ஒண்ணு தகடை வளைச்சு அடிச்சது, லேசா இருக்கும், நீளக் கைப்பிடி ரிவிட் அடிச்சிருக்கும் இல்லன்னா கைப்பிடியே இருக்காது. இன்னொண்ணு வார்ப்பிரும்பு, அதாவது இரும்பை உருக்கி மணல் அச்சுல ஊத்தி எடுக்கறது. 11, 12 இன்ச் கல்லுன்னா ரெண்டு ரெண்டரை கிலோ, சிலது மூணு கிலோகூட வரும், ரெண்டு பக்கமும் காது மாதிரி பிடி கல்லோடயே சேந்து வார்த்திருக்கும். தகட்டுக்கல்லு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், நாள்பட நடுவுல மேல எழும்பிக்கும், அப்பறம் எண்ணெய் ஊத்தினா எல்லாம் ஓரத்துக்கு ஓடிடும். வார்ப்புக்கல்லு சூடாக நேரம் எடுக்கும், ஆனா ஏறின சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், தோசை முறுகலா வர்றதுக்கு அதுதான் காரணம். பழக்கற முறை ரெண்டுக்கும் ஒண்ணுதான். கையில வலி இருக்கறவங்க, வயசானவங்க மட்டும் சமைக்கற வீடுன்னா தகட்டுக்கல்லே வாங்கிக்கோங்க, தப்பே இல்ல, மூணு கிலோவைத் தினம் தூக்கி இறக்கறது சும்மா இல்ல.

கடையில பாத்து எடுக்கறப்ப சமமான தரையில வெச்சு அமுக்கிப் பாருங்க, ஆடக்கூடாது. உள்ளங்கையால ஒரு தடவு தடவுங்க. மணல் அச்சுல வார்த்ததால லேசான சொரசொரப்பு இருக்கத்தான் செய்யும், அது நாளாவட்டத்துல எண்ணெய் நிரம்பி வழுவழுன்னு ஆயிடும், ஆனா நகம் மாட்டற அளவுக்குக் குழி இருந்தா வேண்டாம். அப்பறம் ஒரு கையால காதைப் பிடிச்சுத் தொங்க விட்டு, இன்னொரு கை விரல் முட்டியால தட்டுங்க. டங்குன்னு மணி மாதிரி இழுத்துக்கிட்டு சத்தம் வந்தா நல்ல கல்லு, டப்புன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்கலாம். வார்ப்பிரும்புல கார்பன் ரெண்டு சதவீதத்துக்கு மேல இருக்கும், அதனால கெட்டியா இருந்தாலும் வளையாது, கீழ விழுந்தா உடையும். கடைக்குக் கடை மாறி வர்றப்பவே அடிபட்டு மயிரிழை விரிசலோட வர்ற கல்லு உண்டு. பெயிண்ட் வாடை அடிச்சா எவ்ளோ சல்லிசா கொடுத்தாலும் வாங்காதீங்க.

அடுப்பு அளவையும் பாத்துக்கோங்க. வார்ப்பிரும்பு சூட்டைப் பரப்பறதுல சுமார்தான், அலுமினியத்தோட ஒப்பிட்டா நாலுல ஒரு பங்குக்கும் கீழ. சின்ன பர்னர்ல பெரிய கல்லை வெச்சா நடுவுல தீய்ஞ்சு போகும், ஓரத்துல மாவு வெள்ளையா வெந்தும் வேகாம கிடக்கும். பெரிய பர்னர்ல வெச்சு, சிம்முக்கும் மீடியத்துக்கும் நடுவுல ஒரு அஞ்சு ஏழு நிமிஷம் பொறுமையா காய விடணும். அவசரம்னு ஹை ஃப்ளேம்ல வெச்சா நடு மட்டும்தான் காயும். இண்டக்‌ஷன் அடுப்புலயும் வார்ப்பிரும்பு நல்லா வேலை செய்யும், காந்தம் ஒட்டற இரும்புதானே, ஆனா அதுல இன்னும் ஜாக்கிரதை வேணும். உள்ள இருக்கற காயிலு பெரும்பாலும் கல்லை விடச் சின்னது, எடுத்த எடுப்புல ஃபுல் பவர் வெச்சா நடு மட்டும் சட்டுன்னு சூடேறி விரிசல் விடலாம். கம்மில ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, கல்லை இழுக்காம தூக்கி வையுங்க, இல்லன்னா கண்ணாடில கீறல் விழும்.

சரி, கல்லு வீட்டுக்கு வந்தாச்சு. பெட்டில "சீசன் பண்ணது"ன்னு போட்டிருந்தா ஏற்கனவே எண்ணெய் பூசி ஃபேக்டரில சுட்டிருக்காங்கன்னு அர்த்தம், அதை வெந்நீர்ல லேசா கழுவித் துடைச்சா போதும். கஞ்சித்தண்ணில ஊற வெக்கற வேலையெல்லாம் இதுக்கு வேண்டாம், இருக்கற பூச்சும் போயிடும். சந்தையிலயோ பாத்திரக்கடையிலயோ வாங்கின பச்சைக் கல்லா இருந்தா, துருப்பிடிக்காம இருக்க மேல ஒரு எண்ணெயோ மெழுகோ தடவி வெச்சிருப்பாங்க, அதோட பட்டறைத் தூசி, கரி எல்லாம் ஒட்டிக் கிடக்கும். சூடான தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, தேங்கா நாரு, மூணையும் வெச்சு முன்னாடி பின்னாடி காது இடுக்குன்னு ஒரு இடம் விடாம தேய்ங்க. தண்ணி கருப்பா வர்றது நிக்கற வரைக்கும் தேய்க்கணும்.

அடுத்தது வடிகஞ்சி. நம்ம ஊர்ல புதுக்கல்லை ரெண்டு மூணு நாள் கஞ்சித்தண்ணிலயோ அரிசி களைஞ்ச தண்ணிலயோ போட்டு வைக்கிறது வழக்கம், தினம் தண்ணியை மாத்தி, நாரால தேய்ச்சு. இது கண்டிப்பா செய்யணுமான்னு கேட்டா, இல்லன்னுதான் நான் சொல்லுவேன். அந்தத் தண்ணி புளிச்சு லேசான அமிலமா மாறி, ஒட்டியிருக்கற துருவையும் மணல் பொடியையும் இளக்கிக் கொடுக்கும், அவ்ளோதான் அதோட வேலை. கல்லு பழகறது கஞ்சில இல்ல, எண்ணெயிலயும் சூட்டுலயும்தான். சந்தைக்கல்லு ரொம்ப அழுக்கா இருந்தா ஒரு ராத்திரி கஞ்சில போடுங்க, காலைல கொஞ்சம் புளிச்சக்கை வெச்சுத் தேய்ச்சுக் கழுவிடுங்க. அதுக்கு மேல ஊற வெச்சா அந்தத் தண்ணியே புதுசா துருவை வரவழைச்சுடும், அப்பறம் அதைத் தேய்க்க இன்னொரு நாள் போகும்.

கழுவினதும் துணியால துடைச்சிட்டு உடனே அடுப்புல வெச்சிடுங்க. "தானா காயட்டும்"னு சாச்சு வெச்சுட்டு டீ குடிச்சிட்டு வந்தீங்கன்னா, எண்ணெய் இல்லாத பச்சை இரும்பு மேல செம்மண் கலர்ல மெல்லிசா துரு பூத்திருக்கும். சிம்ல வெச்சு ஈரம் சுத்தமா போகட்டும், கல்லோட கலர் கருஞ்சாம்பல்ல ஒரே மாதிரி வரணும்.

இப்பதான் பழக்கற வேலை. கல்லு கை பொறுக்கற சூட்டுல, அதாவது துணி வெச்சுத் தொட்டா கதகதன்னு இருக்கற பதத்துல இருக்கறப்ப, அரை டீஸ்பூன் எண்ணெய், அவ்ளோ போதும் ஒரு பக்கத்துக்கு, விட்டு பழைய காட்டன் துணியால எல்லா இடமும் படற மாதிரி தடவுங்க. ஓரம், காது, பின்பக்கம் எல்லாம்தான். அப்பறம் வேற ஒரு காஞ்ச துணி எடுத்து, தடவின எண்ணெய் மொத்தத்தையும் துடைச்சு எடுங்க. ஆமா, மொத்தத்தையும். "தெரியாம தடவிட்டோம், எடுத்துடணும்"ங்கற மாதிரி அழுத்தித் துடைங்க. பாத்தா எண்ணெயே இல்லாத மாதிரி, லேசா மங்கலா பளபளப்பு மட்டும் இருக்கணும். விரல் வெச்சா ரேகை விழற அளவுக்கு எண்ணெய் நின்னுச்சுன்னா அதிகம்னு அர்த்தம். இதுலதான் நம்ம ஆளுங்களுக்கு மனசு வராது, "நல்லா எண்ணெய் குடிக்கட்டும்"னு குளம் மாதிரி ஊத்தி ராத்திரி முழுக்க வெச்சிடுவாங்க. இரும்பு எண்ணெயைக் குடிக்காது. மேல பரவி நிக்கற மெல்லிசான படலம், நல்ல சூடு ஏறினதும் காத்துல இருக்கற ஆக்சிஜனோட சேந்து, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு, வார்னிஷ் மாதிரி கெட்டியான ஒரு தோலா மாறும். படலம் தடிமனா இருந்தா மேல மட்டும் இறுகி அடியில பிசுபிசுன்னு நிக்கும், கையில ஒட்டும், தோசையும் அதுலதான் ஒட்டும்.

துடைச்சாச்சா, இப்ப மீடியம் தீயில வெச்சு, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க. கொஞ்ச நேரத்துல நூல் நூலா புகை கிளம்பும். கல்லை அப்பப்ப நகத்தி நகத்தி வெச்சு ஓரமும் காயற மாதிரி பாத்துக்கோங்க, கையில கிடுக்கியோ தடிமனான துணியோ வேணும், காது ரெண்டும் நெருப்பாக் கொதிக்கும். புகை வந்து, அடங்கி நிக்கற வரைக்கும், சுமாரா ஒரு பத்து நிமிஷம் விட்டு, அடுப்பை அணைச்சு ஆற விடுங்க. திரும்ப கதகதப்பு பதத்துக்கு வந்ததும் அதே அரை ஸ்பூன், அதே துடைப்பு, அதே புகை. இப்படி நாலஞ்சு தடவை. ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல, தினம் ராத்திரி அடுப்பு வேலை முடிஞ்சதும் ஒரு சுத்துன்னு செஞ்சாலும் சரிதான். ஒவ்வொரு தடவையும் கலர் மாறும், சாம்பல்லேருந்து பழுப்பு, பழுப்புலேருந்து கருப்பு. பழுப்புல திட்டுத்திட்டா இருக்கறப்ப பாக்கக் கொஞ்சம் அசிங்கமாத்தான் இருக்கும், துருன்னு நினைச்சு திரும்பத் தேய்ச்சுடாதீங்க. வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க, துணில செம்மண் கலர் ஒட்டினா துரு, ஒட்டலன்னா பூச்சு பதமாகிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஓவன் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. அதே மாதிரி தடவித் துடைச்சு, 230 டிகிரில கல்லைக் கவுத்து வெச்சு ஒரு மணி நேரம், அப்பறம் உள்ளயே ஆற விடணும். ஆனா 12 இன்ச் கல்லு சின்ன ஓடிஜி ஓவன்ல நுழையாது, அளந்து பாத்துட்டு ஆரம்பிங்க.

எந்த எண்ணெய்னு பெரிய சண்டையே நடக்கும். ரீஃபைண்ட் சன்ஃப்ளவர், கடலெண்ணெய், நல்லெண்ணெய் எதுவா இருந்தாலும் வேலை நடக்கும். மேல சொன்ன அந்தத் தோல் உருவாகறது பல இரட்டைப் பிணைப்பு இருக்கற கொழுப்புலதான் (பாலிஅன்சாச்சுரேட்டட்னு சொல்லுவாங்களே, அது), சாதா சன்ஃப்ளவர்ல அது அதிகம், நல்லெண்ணெயில ஓரளவு. தேங்கா எண்ணெயில கிட்டத்தட்ட 90 சதவீதம் அந்த இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு, அது சமையலுக்கு ஓகே, கல்லைப் பழக்க லாயக்கில்ல. ஆளிவிதை எண்ணெய்தான் பெஸ்ட்டுன்னு சிலர் சொல்லுவாங்க, கண்ணாடி மாதிரி அழகா வரும் உண்மைதான், ஆனா பல பேருக்கு கொஞ்ச நாள்ல செதில் செதிலா உரிஞ்சு வருது, அந்த விலைக்கு அது தேவையே இல்ல. வீட்ல தினம் தோசைக்கு எந்த எண்ணெய் விடறீங்களோ அதுலயே பழக்குங்க.

பழக்கி முடிச்ச அன்னிக்கே ரவா தோசை ஊத்திப் பாக்கற வேலை வேண்டாம். முதல்ல ரெண்டு வெங்காயத்தை அரிஞ்சு போட்டு, தாராளமா எண்ணெய் விட்டு, கருகற வரைக்கும் கல்லு முழுக்கப் பரப்பிப் பரப்பி வதக்கிக் கொட்டிடுங்க, இரும்பு வாடை போயிடும். முதல் ரெண்டு மூணு வாரம் அடை, ஊத்தப்பம், வெங்காய தோசை, இந்த மாதிரி தடிமனா, எண்ணெய் கூட விட்டு சுடறதா செய்யுங்க. அசைவம் சாப்பிடறவங்க ஆம்லெட் போடலாம், முதல் ஆம்லெட் ஒட்டும், நாலாவது அஞ்சாவதுல தானா வழுக்கிட்டு வரும். அப்பறம் சாதா தோசை, அப்பறம் நெய் ரோஸ்ட். ரவா தோசைதான் கடைசிப் பரீட்சை, தண்ணியா இருக்கற அந்த மாவு கல்லுல ஒட்டாம வலை வலையா எழும்பி வந்துச்சுன்னா கல்லு நல்லாப் பழகிடுச்சு.

இப்ப சூட்டு விஷயம், இதைத்தான் கொஞ்சம் விரிவா சொல்லணும். கல்லு காயட்டும், அதுல நாலு சொட்டு தண்ணியைத் தெளிங்க. தண்ணி பரவி மெதுவா கொப்பளிச்சா இன்னும் காயல. சுர்ருன்னு சத்தம் போட்டு ஒரு ரெண்டு வினாடில காணாமப் போச்சுன்னா அதான் மாவு ஊத்தற பதம். சொட்டு உருண்டையாகி முத்து மாதிரி கல்லு மேல ஓடி விளையாடுச்சுன்னா 200 டிகிரிக்கிட்டயோ மேலயோ போயிடுச்சு, சொட்டுக்கு அடியில ஆவி நின்னு அதைத் தூக்கிப் பிடிக்குது, இந்தச் சூட்டுல மாவு ஊத்தினா பரவாது. கரண்டியோட சேந்து சுருண்டு வந்து நடுவுல பந்தா நிக்கும், ஏன்னா மாவோட அடிப்பக்கம் பட்டதுமே வெந்துடுது, மேல இருக்கற மாவை நீங்க இழுக்கறப்ப அதுவும் பிஞ்சு கூடவே வருது. அதே மாதிரி காயாத கல்லுல ஊத்தினா அழகாப் பரவும், பாக்க நல்லா இருக்கும், ஆனா அடியில மொறுமொறுப்பு கட்டறதுக்கு முன்னாடியே மாவு இரும்புல இறங்கிப் பிடிச்சுக்கும், திருப்பி எடுக்க வராது. ஆக, ரெண்டுமே "ஒட்டுது"ன்னுதான் நம்ம சொல்லுவோம், ஆனா ஒண்ணுக்கு தீயைக் குறைக்கணும், இன்னொண்ணுக்கு பொறுமையா காய விடணும்.

ஹோட்டல்ல மாஸ்டர் செய்யறத நின்னு பாத்திருப்பீங்க. பெரிய கல்லுல ஒரு கை தண்ணியை வீசுவாரு, ஈர்க்குச்சி விளக்குமாத்தால சரசரன்னு தள்ளுவாரு, உடனே மாவு. அது சும்மா சுத்தம் பண்றது மட்டும் இல்ல, மேல்பரப்போட சூட்டை நொடில இறக்கறாரு. அடியில இரும்பு சூடாத்தான் இருக்கு, மேல மட்டும் பரவற பதம், மாவு வட்டமாப் போனதும் அடிச்சூடு மேல ஏறி முறுகலாக்கிடும். வீட்லயும் அதே கதைதான். பதம் வந்ததும் தீயை சிம்முக்குக் கொண்டு வாங்க, தண்ணி லேசாத் தெளிச்சு துணியால ஒரு துடை, பாதியா அரிஞ்ச வெங்காயத்தை முள்கரண்டில குத்தி எண்ணெயில தொட்டு ஒரு தேய், மாவை ஊத்தி நடுவுலேருந்து வெளிய சுத்திக்கிட்டே போங்க, கரண்டியை அமுக்காம. பரப்பி முடிச்சதும் தீயைக் கூட்டுங்க, சுத்தியும் எண்ணெய். அடுத்த தோசைக்கு முன்னாடி திரும்ப சிம், திரும்பத் தெளிப்பு. தெளிக்கறதுன்னா விரலால தெளிக்கறது, சொம்பைக் கவுக்கறது இல்ல. கொதிக்கற வார்ப்புக்கல்லுல ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்தினா படீர்னு விரிசல் விடறதுக்கு வாய்ப்பு இருக்கு. ஹோட்டல் கல்லு பெரும்பாலும் ரொம்ப தடிமனான இரும்புத் தகடு, அது தாங்கும், உங்க கல்லு தாங்காது.

மாவும் பாதி காரணம். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கையோட ஊத்தினா குளிர்ந்த மாவு கல்லோட சூட்டை உறிஞ்சிடும், அரை மணியாவது வெளிய இருக்கட்டும். உளுந்து கூடிப் போனா மெத்துமெத்துன்னு ஒட்டும், அப்ப கொஞ்சம் அரிசி மாவு கலந்துக்கலாம். திருப்பறதுலயும் அவசரம் வேண்டாம், ஓரம் தானா லேசா எழும்பி நிக்கும், அப்ப தோசைத்திருப்பியை நுழைச்சா வழுக்கிட்டு வந்துடும். எழும்பாம நிக்கறத நோண்டி நோண்டி எடுத்தா தோசையும் பிய்யும், கூடவே பூச்சும் பெயரும். முதல் தோசை சரியா வராதது சகஜம், எல்லார் வீட்லயும் அதுதான், அதைச் சின்னதா ஒரு குட்டி தோசையா ஊத்தி வீட்ல குழந்தை இருந்தா கொடுத்துடுங்க.

சப்பாத்திக்குத் தனிக்கல்லு வெச்சுக்கோங்க, இது பெரியவங்க சொல்ற சும்மா சாங்கியம் இல்ல. சப்பாத்தி எண்ணெய் இல்லாம ஹை சூட்டுல போடறது, உதிர்ற மாவு கல்லுல கருகிப் பிடிக்கும், வெறும் சூட்டுல பூச்சும் கொஞ்சம் கொஞ்சமா எரியும். மறுநாள் அதே கல்லுல தோசை ஊத்தினா ஒட்டாம என்ன செய்யும்? இடம் இல்ல, ஒரே கல்லுதான்னா, சப்பாத்தி முடிஞ்ச ராத்திரியே துடைச்சு ஒரு மெல்லிசு எண்ணெய் பூசிப் புகைய விட்டுடுங்க.

தோசை தவிர இதுல எதெல்லாம் நல்லா வரும்னா, மீன் வறுவல், வஞ்சிரமோ சங்கராவோ, கல்லு நல்லா சூட்டைப் பிடிச்சு வெச்சிருக்கறதால மசாலா கழண்டு போகாம மொறுமொறுன்னு வரும். பரோட்டா சூடு பண்றது, பனீர், காளான், முட்டை தோசை எல்லாம் சூப்பர். மீன் வறுத்த கல்லுல மறுநாள் காலைல தோசை ஊத்தினா வாடை வரும்தான், கல்லுப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டு, ரெண்டு நிமிஷம் நல்லாக் காய வெச்சா பெரும்பாலும் போயிடும், அதுக்கும் மேல மூக்கு இருக்கறவங்க தனிக்கல்லுதான் வாங்கணும். வேண்டாததுன்னா புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு, எலுமிச்சை பிழிஞ்சது, இந்த மாதிரி புளிப்பை ரொம்ப நேரம் கொதிக்க வைக்கிறது. அமிலம் பூச்சைக் கரைச்சு இரும்பையும் இழுத்துக்கும், சமைச்சது கருத்து ஒரு இரும்புச் சுவை வரும். தோசை மாவும் புளிப்புதானேன்னு கேக்கலாம், அது கல்லுல இருக்கறது ரெண்டு நிமிஷம்தான், பிரச்சனை இல்ல. இரும்புச்சட்டில வாழைப்பூ, வாழைக்கா, கத்திரிக்கா வதக்கினா கருப்பா ஆகறதும் இதே குடும்பத்து விஷயம்தான், அந்தக் காய்ல இருக்கற துவர்ப்பு இரும்போட சேந்து கருக்குது, சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, பாக்கத்தான் நல்லா இருக்காது. இரும்புல சமைச்சா சாப்பாட்ல இரும்புச்சத்து கொஞ்சம் கூடும், அது உண்மை, புளிப்பும் ஈரமும் இருக்கற சமையல்ல கூடுதலா இறங்கும், ரெண்டு நிமிஷத் தோசைல அவ்ளோ இறங்காது. அதனால ரத்தசோகைக்கு மாத்திரைக்கு பதில் தோசைக்கல்லுன்னு கிளம்பிடாதீங்க. தலசீமியா மாதிரி ரத்த நோய் இருந்து, உடம்புல இரும்பு சேரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னவங்க இரும்புப் பாத்திரத்துக்கு முன்னாடி அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

குழிப்பணியாரச் சட்டிக்கும் இதே பழக்கம்தான், ஆனா குழிக்குள்ள எண்ணெய் தேங்கி நின்னு பிசுபிசுப்பாகறது அதுல ரொம்ப ஜாஸ்தி. துணியை விரல்ல சுத்தி ஒவ்வொரு குழியாத் துடைச்சு எடுக்கணும், காய வைக்கறப்ப கவுத்து வையுங்க.

தினசரி கழுவறது. தோசை சுட்டு முடிச்சதும் கல்லு வெதுவெதுப்பா இருக்கறப்பவே துணியால துடைச்சா பல நாள் அதுவே போதும். மாவுப் பொருக்கு ஒட்டியிருந்தா வெந்நீர் விட்டு நாரால லேசாத் தேய்ங்க. சோப்பு போடலாமா? போடலாம்ங்க, ரெண்டு சொட்டு. பழைய காலத்துல சோப்புலயும் அடுப்புச் சாம்பல்லயும் காரம் ஜாஸ்தி, அது பூச்சை அரிச்சுடும், அதனாலதான் பாட்டிங்க தோசைக்கல்லு மேல சோப்பே படவிடல. இன்னைக்கு இருக்கற டிஷ்வாஷ் லிக்விட் இறுகிப் போன பூச்சை ஒண்ணும் பண்ணாது, மேல இருக்கற பச்சை எண்ணெயைத்தான் எடுக்கும். டிஷ்வாஷர் மட்டும் வேண்டவே வேண்டாம், அதோட பவுடர்ல காரம், அதோட ஒரு மணி நேரம் வெந்நீர்க் குளியல், வெளிய வர்றப்ப கல்லு சிவப்பாத்தான் வரும். சிங்க்ல ஊறப் போடறதும் வேண்டாம். வீட்ல உதவிக்கு வர்ற அக்கா பாத்திரம் தேய்க்கறாங்கன்னா கல்லை சிங்க் பக்கமே வைக்காதீங்க, பழக்கதோஷத்துல கம்பி நாரு போட்டுப் பளபளன்னு வெள்ளையாக்கிக் கவுத்து வெச்சிடுவாங்க, அவங்க மேல தப்பு இல்ல, பாத்திரம்னா பளபளக்கணும்கறதுதானே அவங்க வேலை. கழுவினதும் அடுப்புல வெச்சு ஒரு நிமிஷம் ஈரத்தைப் போக்கிட்டு, நாலு சொட்டு எண்ணெய், துடைப்பு, முடிஞ்சுது.

துரு வந்துடுச்சுன்னா பதறாதீங்க, இரும்புக்கு அது சளி பிடிக்கற மாதிரி கூட இல்ல, ஈரமும் காத்தும் பட்டா வந்துதான் தீரும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்ல இன்னும் சீக்கிரம் வரும். லேசான துருன்னா கல்லுப்பும் கொஞ்சம் எண்ணெயும் போட்டுத் துணியால தேய்ச்சாலே போயிடும். திட்டுத்திட்டா பிடிச்சிருந்தா புளியைக் கெட்டியாக் கரைச்சுப் பூசி கால் மணி நேரம் விட்டு, ஸ்டீல் ஸ்க்ரப்பரால தேய்ங்க. கல்லு முழுக்க செங்கல் கலர்ல இருந்தா வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து ஊற வைக்கலாம், ஆனா அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பாக்கணும், மறந்து ராத்திரி முழுக்க விட்டா துரு போனதும் அமிலம் இரும்பையே தின்ன ஆரம்பிச்சுடும், மேல்பரப்பு பொறிப்பொறியா ஆயிடும். துரு போனதும் சோப்பு போட்டுக் கழுவி, அடுப்புல காய வெச்சு, முன்ன சொன்ன மாதிரி முதல்லேருந்து எண்ணெய் பூசிப் பழக்கணும்.

பழைய கல்லுல வேற ஒரு சிக்கல், ஓரத்துலயும் பின்பக்கமும் பொருக்குப் பொருக்கா கரி ஏறிப் போயிருக்கும். முன்ன எல்லாம் விறகடுப்புல தணல்ல போட்டு எரிச்சு எடுப்பாங்க. இப்பவும் சிலர் செய்யறாங்க, நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஒரு பக்கம் மட்டும் சிவக்கச் சூடேறினா வளையும், விரிசல் விடும், சில சமயம் அதுக்கப்பறம் மேல்பரப்பு மாறிப்போய் எண்ணெயே பிடிக்காது. கல்லை மிதமா சூடாக்கி இறக்கி, தோசைத்திருப்பியோட ஓரத்தால பொருக்கை செதுக்குங்க, எது பெயர்ந்து வருதோ அது வரட்டும், வராம வழுவழுன்னு கெட்டியா நிக்கறது பூச்சு, அதை விட்டுடுங்க.

பிசுபிசுப்பு வந்த கல்லுக்குத் தனி வைத்தியம் ஒண்ணும் இல்ல, எண்ணெய் கூடிப் போச்சு, அவ்ளோதான். புது எண்ணெய் எதுவும் பூசாம, மீடியம் தீயில புகை வந்து அடங்கற வரைக்கும் காய வையுங்க, ரெண்டு மூணு தடவை செஞ்சா இறுகிடும். அப்பவும் கையில ஒட்டினா உப்பு போட்டுத் தேய்ச்சு மேல் அடுக்கை எடுத்துடுங்க.

ஊருக்குப் போறீங்க, ஒரு மாசம் கல்லைத் தொடப்போறதில்லன்னா, நிறைய எண்ணெய் தடவி வெச்சா பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க, அது காறி ஒரு மாதிரி சிக்கு வாடை அடிக்கும், தூசியும் ஒட்டும், கரப்பான் பூச்சியும் வரும். நல்லாக் காய வெச்சு, மெல்லிசா பூசித் துடைச்சு, பழைய காட்டன் துணில சுத்தி, அலமாரில நிக்க வையுங்க. மேல வேற பாத்திரம் அடுக்கறதா இருந்தா நடுவுல ஒரு துணி. மூடி போட்டு வைக்காதீங்க, உள்ள ஈரம் நிக்கும்.

விரிசல் விட்ட கல்லை மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. வெல்டிங் வெச்சு ஒட்டித் தர்றேன்னு சொல்ற பட்டறை இருக்கும், வார்ப்பிரும்புல அது சாதாரண வேலை இல்ல, ஒட்டினாலும் அடுப்புச் சூட்டுல திரும்ப அதே இடத்துல பிளக்கும், அதோட சமைக்கற பாத்திரத்துல என்ன கம்பி வெச்சு ஒட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. பழைய இரும்புக்கடைல எடைக்குப் போட்டுட்டு வேற கல்லு வாங்கிடுங்க, வாங்கறப்ப அந்த டங் சத்தத்தை மறக்காம கேட்டு வாங்குங்க.